தொலைநோக்கி வாங்கும் முன் மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

தொலைநோக்கி வாங்க ஆசைப்படுபவர்கள் நேராக ஆன்லைன் கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் போக வேண்டிய இடம் உங்கள் வீட்டு மொட்டை மாடி. மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது, இரவு பத்து மணிக்குக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்களா, லிப்ட் கடைசித் தளத்தோடு நின்றுவிடுகிறதா, அதற்கு மேல் எத்தனை படி, தெற்கே எந்தக் கட்டடம் மறைக்கிறது, தெருவிளக்கு கைப்பிடிச் சுவருக்கு மேல் தெரிகிறதா. இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எத்தனை அங்குலம், என்ன விலை என்ற பேச்சு. வாங்கிய வேகத்தில் மூலையில் சாத்தப்பட்ட தொலைநோக்கிகளுக்குப் பெரும்பாலும் கண்ணாடியில் குறை இருக்காது. மாடிக்குத் தூக்கிப் போக முடியாது, அவ்வளவுதான்.

நம் தலைக்கு மேல் என்ன இருக்கிறது

சென்னை இருப்பது வட அட்சரேகை 13 டிகிரியில். கருவி வாங்கும்போது இந்த ஓர் எண்ணை மறக்கக் கூடாது. கோள்களும் நிலாவும் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே கடந்து போகின்றன. லண்டனில் இருப்பவர் அடிவானத்துப் புகையின் வழியே பார்க்கும் கோளை நாம் நல்ல உயரத்தில் பார்க்கிறோம். தெற்கு வானமும் நமக்குத் தாராளம். அகத்திய விண்மீன் 24 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டம்) ஏப்ரல் நள்ளிரவில் 30 டிகிரி வரை ஏறும். தென்சிலுவைகூட 17 டிகிரிக்கு வரும். இதற்கெல்லாம் விலையாக, துருவ நட்சத்திரம் வடக்கே வெறும் 13 டிகிரியில், பக்கத்து அபார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். படம் எடுக்க ஆரம்பிக்கும்போது இது தொல்லை கொடுக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

நகரின் வெளிச்சம் உண்மையான பிரச்சினைதான். பால்வழி மண்டலத்தை நகருக்குள்ளிருந்து பார்க்க முடியாது. மங்கலான கேலக்ஸிகளும் வேலைக்கு ஆகாது. ஆனால் நிலா, வியாழன், சனி, இரட்டை விண்மீன்கள், பளிச்சென்ற சில கொத்துகள் ஆகியவற்றை இந்த வெளிச்சம் பெரிதாகப் பாதிப்பதில்லை. வானியலாளர் நார்மன் போக்சன் 1861 முதல் 1891 வரை நுங்கம்பாக்கத்து வானோக்கு நிலையத்தின் பொறுப்பில் இருந்தார். வந்த ஆண்டே ‘ஆசியா’ என்ற சிறுகோளை அங்கிருந்து கண்டுபிடித்தார். விண்மீன்களின் பொலிவைச் சொல்லும் ஒளித்தர எண் ஒன்று கூடினால் ஒளி சுமார் 2.512 மடங்கு குறையும் என்ற கணக்கும் அவர் வகுத்ததுதான்; எண் கூடக் கூட விண்மீன் மங்கல். அவருடைய வானத்தில் ஆறாம் ஒளித்தரம் வரை வெறுங்கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நமக்கு மூன்றோ நான்கோ தெரிந்தால் நல்ல இரவு.

ஜனவரி முதல் மார்ச் வரைதான் நமக்கு முதல்தரமான காலம். ஏப்ரல், மே மாதங்களில் வானம் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். ஆனால் காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில் கோள்கள் அருமையாகத் தெரியும். மங்கல் வேறு, நடுக்கம் வேறு. மங்கலான வானம் கோள்களைக் கெடுக்காது, நடுங்கும் காற்றுதான் கெடுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை கழுவிவிட்டுப் போன இரவு கிடைத்தால் விடாதீர்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஆசை வடிந்துவிடும்.

முதலில் பைனாகுலர்

ஃபோனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட ஆப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். பஞ்சாங்கத்தில் பார்த்த பெயர்களிலிருந்தே தொடங்கலாம். ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை ஆறும் நகரத்து வானத்திலும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. இவற்றை ஆப் இல்லாமல் காட்டத் தெரிந்துவிட்டால், தொலைநோக்கியை எங்கே திருப்புவது என்ற பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பைனாகுலரில் 10x50 வாங்குங்கள், அதாவது 10 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் லென்ஸ். பழைய புத்தகங்கள் 7x50 என்று சொல்லும். அது இருண்ட வானத்துக்கான கணக்கு. ஐம்பதை ஏழால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டர். சென்னை வெளிச்சத்தில் கண்ணின் பாவை அவ்வளவு விரியாது, பின்னணி வானமும் சாம்பலாகத் தெரியும். 10x50-இல் கற்றை 5 மில்லிமீட்டர், பின்னணியும் கொஞ்சம் கறுக்கும். கடையில் வாங்குவதானால் கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு சதுரம்போல் தெரிந்தால் உள்ளிருக்கும் பட்டகம் (பிரிசம்) மட்டமானது. பிறகு தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பார்த்து, இரண்டு உருவமாகப் பிரிகிறதா என்று கவனியுங்கள். சிவப்பு நிறத்தில் மின்னும் லென்ஸ், ‘ஜூம்’ பைனாகுலர் இரண்டையும் தொடவே வேண்டாம்.

மாடியில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்துக்கொண்டு பாருங்கள். நின்றால் கை நடுங்கும். கார்த்திகைக் கொத்து, ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம், வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்கள், பிறை நிலாவின் வெளிச்சக் கோட்டோரத்துப் பள்ளங்கள், இவை போதும் ஒரு பருவத்துக்கு.

எந்தத் தொலைநோக்கி

பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உருப்பெருக்கம் தொலைநோக்கியின் தரமே அல்ல. தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும், கழற்றி மாற்றக்கூடிய சிறு லென்ஸின்) குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் அது. 1200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மில்லிமீட்டர் போட்டால் 120 மடங்கு. கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், விவரம் கூடாது. அப்படிப் பார்த்தால் 60 மில்லிமீட்டர் பொம்மைத் தொலைநோக்கிக்கு 120-தான் எல்லை.

விட்டம்தான் முக்கியம். அதை எந்தத் தாங்கியில் வைக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். ஆடும் தாங்கியில் நல்ல கண்ணாடி வீண்.

லிப்ட் மாடி வரை போகும் என்றால், 6 அங்குல டாப்சோனியன் வாங்குங்கள், அதாவது தரையில் நிற்கும் எளிய பெட்டித் தாங்கியில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி. 150 மில்லிமீட்டர் கண்ணாடி, 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம், மரப்பெட்டித் தாங்கி. ஒரு ஆள் இரண்டு நடையில் கொண்டுபோய்விடலாம். 8 அங்குலம் கண்ணுக்கு இன்னும் விருந்துதான், ஆனால் மொத்த எடை இருபது கிலோவைத் தாண்டும். படி ஏற வேண்டும் என்றால் 130 மில்லிமீட்டர் டேபிள்டாப் டாப்சோனியன் போதும். ஒரு கையில் தூக்கலாம். அதை பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் வைத்தால் தொட்டவுடன் நடுங்கும். மாடியில் பழைய துவைக்கும் கல்லோ சிமெண்ட் திண்டோ இருந்தால் அதுதான் மேசை.

ஒரு சங்கடம் உண்டு. டாப்சோனியனை நேர் உச்சியில் திருப்புவது கடினம், நமக்கோ கோள்கள் அங்கேதான் வந்து நிற்கும். உச்சிக்கு வருவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ பின்போ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வானம் சுழலும் அச்சை ஒட்டித் திரும்பும் ஈக்வடோரியல் தாங்கியோடு வரும் மலிவுத் தொலைநோக்கிகளைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. அந்தத் தாங்கியின் அச்சை அட்சரேகைக்குச் சமமாகச் சாய்க்க வேண்டும். பல மாடல்கள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 13 டிகிரிக்கு இறக்கினால் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். சில இறங்கவே இறங்காது. வாங்கும் முன் குறைந்தபட்சம் எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே வரும் இரண்டு ஐபீஸ்களோடு ஆறு மாதம் ஓட்டுங்கள். அப்புறம் 6 மில்லிமீட்டர் அளவில் நல்ல ஐபீஸ் ஒன்று வாங்கினால் கோள்களுக்கு ஆயிற்று. பதினைந்து ஐபீஸ் அடுக்கிய பெட்டி வாங்குவது நகைக்கடை ஆசை.

முதல் இரவு

குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் சிறு கருவிதான் ஃபைண்டர், அதைப் பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். தூரத்து செல்போன் கோபுரத்தின் உச்சியை 25 மில்லிமீட்டர் ஐபீஸின் நடுவில் கொண்டுவந்து, ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியும் அதே உச்சியில் உட்காரும்படி திருகுகளைத் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாய் திரும்பவே கூடாது.

சூரியனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூரியனைப் பார்க்க வேண்டுமானால் குழாயின் முன்வாயை முழுக்க மூடும் சூரிய வடிகட்டித் தாள் வேண்டும். ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி பழைய தொலைநோக்கிகளோடு வரும், அது சூட்டில் வெடிக்கும், கண் போய்விடும். கண்டால் குப்பையில் போடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமும் வேண்டாம். ஃபைண்டரின் மூடியையும் கழற்றாதீர்கள்.

மாலை ஆறு மணிக்கே தொலைநோக்கியை மாடியில் வைத்துவிடுங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துப்போகும். துடைக்கக் கூடாது, துணி கீறிவிடும். உறையோடே வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் திறக்காமல் விட்டால் இந்த வம்பே இல்லை. பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பத்து வரை அனல் கக்கும். அந்த நேரத்தில் சனியைப் பார்த்தால் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி நெளியும். தளத்தில் சாயங்காலமே தண்ணீர் தெளித்து வைத்தால் கொஞ்சம் குணம் தெரியும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலே பார்க்காதீர்கள், அதே கதைதான்.

எப்போதும் 25 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். பொருளை நடுவில் கொண்டுவந்து, ஃபோகஸ் செய்து, பிறகுதான் 10 மில்லிமீட்டர். நிலாவை முழுநிலவன்று பார்க்காதீர்கள், நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டிய மாலைகள் சரியான நேரம். வியாழன் அடுத்த சில ஆண்டுகளுக்கு நம் நல்ல மாதங்களிலேயே உச்சப் பொலிவுக்கு வருகிறது: 2027-இல் பிப்ரவரி, 2028-இல் மார்ச், 2029-இல் ஏப்ரல். சனி அப்படியில்லை, அதன் சிறந்த காலம் இப்போது பருவமழையில் மாட்டிக்கொள்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் பின்னிரவிலோ, மழை விட்ட பின் டிசம்பர் கடைசியில் முன்னிரவிலோ பிடிக்க வேண்டும். 2025-இல் வளையம் விளிம்பாகத் திரும்பிக் கோடு போலாகிவிட்டது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும்.

கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையால் ஐபீஸைத் தொடாதீர்கள். சில களிம்புகள் பிளாஸ்டிக்கையே அரிக்கும். இன்னொன்று, குழாயைக் கிடைமட்டமாக எதிர் அபார்ட்மெண்டுப் பக்கம் திருப்பி ஃபோகஸ் பழகாதீர்கள். மறுநாள் அசோசியேஷன் செயலாளர் கதவைத் தட்டுவார். அவரையே ஒருநாள் மாடிக்கு அழைத்து நிலாவைக் காட்டிவிட்டால் மாடிச் சாவிப் பிரச்சினை நிரந்தரமாகத் தீரும்.

படம் எடுப்பது

கையிலிருக்கும் ஃபோனே முதல் கேமரா. ஐபீஸோடு ஃபோனைப் பிடித்துவைக்கும் அடாப்டர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. நிலாவை நடுவில் கொண்டுவந்து, திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, மூன்று நொடி டைமரில் எடுங்கள். விரல் தொட்ட அதிர்வு அடங்க அந்த மூன்று நொடி.

கோள்களுக்குப் புகைப்படம் வேண்டாம், வீடியோ எடுங்கள். காற்று நடுங்கிக்கொண்டே இருந்தாலும் ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் சில நூறாவது தெளிவாக விழும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் ஒரு வீடியோ இரண்டு, மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பட்டைகள் கலங்கிவிடும்.

டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ இருந்தால் முக்காலியில் வைத்து விண்மீன் கூட்டங்களை எடுக்கலாம். ஐந்நூறை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்த நொடிகள் வரை திறந்து வைக்கலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சிறிய சென்சார் கேமராவில் குவியத்தூரத்தை முதலில் ஒன்றரையால் பெருக்க வேண்டும் என்பதால் 18 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது ஏறத்தாழ 18 நொடி. அண்ணா நகர் மாடியில் 18 நொடி திறந்தால் படம் வெளுத்துப்போகும். ஐந்து நொடி, ஐஎஸ்ஓ 800, ‘ரா’ (RAW) வடிவில் நூறு படம் எடுத்து சிரில் மென்பொருளில் அடுக்குங்கள். அதுவும் இலவசம்.

அதற்கு மேல் போக வேண்டுமென்றால் வானத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் தேவை. அங்கேதான் அந்த 13 டிகிரி துருவ நட்சத்திரம் காலை வாரும். தெரியாவிட்டால் பரவாயில்லை. டிராக்கரின் அச்சை 13 டிகிரிக்குச் சாய்த்து, வடக்கை காம்பஸில் பிடியுங்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் வித்தியாசம். தளத்துக் கம்பி காம்பஸ் முள்ளை இழுக்கும் என்பதால் தரையில் வைத்துப் பார்க்காமல் நெஞ்சுயரத்தில் பிடித்துப் பாருங்கள். அகன்ற லென்ஸில் முப்பது நொடிக்கு இது போதும். நீளமான லென்ஸ் என்றால், எடுத்த படத்திலிருக்கும் விண்மீன்களை வைத்தே அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் ஷார்ப்கேப், நினா போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குத் துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டியதில்லை.

சீஸ்டார் எஸ்50 போன்ற ‘ஸ்மார்ட்’ தொலைநோக்கிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ், உள்ளேயே கேமரா, தானே தேடி, தானே படத்தை அடுக்கி ஃபோனுக்கு அனுப்பிவிடும். கண் வைத்துப் பார்க்க அதில் இடமே கிடையாது. படம்தான் வேண்டும், மாடியும் வெளிச்சமானது என்றால், இன்றைக்குச் சென்னைக்கு மிகப் பொருத்தமான கருவி இதுதான் என்பது என் எண்ணம். சனியின் வளையத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பவர்கள் இதை வாங்கினால் ஏமாறுவார்கள். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் தாங்கி எதுவானாலும் உச்சியை நெருங்க நெருங்கப் படம் சுழலும். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் அந்தச் சுழற்சி ஏறக்குறைய இல்லை. பொருளை அந்தத் திசையில் இருக்கும்போது எடுப்பது நல்லது.

வெளிச்சத்தை வெட்டும் ஃபில்டர் வாங்குமுன் ஒரு விஷயம். பழைய ஃபில்டர்கள் மஞ்சள் சோடியம் விளக்கை வெட்டச் செய்யப்பட்டவை. நம் தெருக்களில் இப்போது எரிவது வெள்ளை எல்இடி, அது எல்லா நிறத்திலும் ஒளி சிந்தும். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர், ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் இரண்டை மட்டும் விடும் ‘டூயல் பேண்ட்’ ஃபில்டர் ஓரியன், கரீனா போன்ற நெபுலாக்களுக்கு அற்புதமாக வேலை செய்யும். கேலக்ஸிக்கும் விண்மீன் கொத்துக்கும் உதவாது. அவற்றுக்கு ஊரை விட்டு வெளியே போக வேண்டும்.

ஊருக்கு வெளியே

ஈசிஆரில் மாமல்லபுரத்துக்கு அப்பால் போனால் கிழக்கே கடல், அந்தப் பக்கம் நன்றாகவே இருளும். தெற்கே கல்பாக்கத்து விளக்குகள் கொஞ்சம் உறுத்தும். உப்புக்காற்று திருகு, பேரிங் எதையும் விடாது. திரும்பியதும் லென்ஸ், கண்ணாடி தவிர மற்ற எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உண்மையான இருட்டு வேண்டுமென்றால் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்பது ஜவ்வாது மலையில்தான். அது வேலை நடக்கும் ஆய்வுக்கூடம், இரவில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றாதீர்கள். தொலைநோக்கியை ஸ்கூட்டரில் கொண்டு போனீர்களானால் போய் இறங்கியதும் உள்ளிருக்கும் கண்ணாடிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும், குலுக்கலில் கட்டாயம் விலகியிருக்கும். 12 வோல்ட் பேட்டரி, வயர், ஜாக் எல்லாம் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும்.

பூஞ்சை

வெளிச்சத்தைவிடச் சென்னையில் கருவிகளைக் கொல்வது ஈரம். தோல் பையில் மூடி பீரோவுக்குள் வைத்த லென்ஸில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், நூறு ரூபாய் சொச்சத்துக்கு ஒரு ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுங்கள், ஆனால் அந்த வாணலியை அதற்குப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். குழாயை மாடியிலிருந்து இறக்கியவுடன் மூடிபோட்டு மூடாதீர்கள். பனி பட்டிருந்தால் மின்விசிறிக் காற்றில் காய்ந்த பிறகு மூடுங்கள்.

பழைய தொலைநோக்கியோ லென்ஸோ இரண்டாம் கையாக வாங்கப் போகிறீர்கள் என்றால் பையில் ஒரு டார்ச் இருக்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி அடித்து மறுபக்கம் பாருங்கள். தூசு இருந்தால் கவலையில்லை. ஓரத்திலிருந்து சிலந்தி நூல்போல் கிளைவிட்டு உள்ளே ஓடினால் அது பூஞ்சை. விற்பவர் ‘துடைத்தால் போய்விடும்’ என்பார். மேற்பரப்பில் இருந்தால் போகும், லென்ஸ்களுக்கு நடுவில் இருந்தால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அப்போதும் லென்ஸின் மேல்பூச்சைப் பூஞ்சை தின்ற இடம் அப்படியே நிற்கும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.